குளவி கட்டிய வீட்டில் ஈ குடிவந்தது எப்படி?

கேள்வி: சுவரில் குளவி கட்டிய மண்கூட்டைத் துளைத்துக்கொண்டு கறுப்பு ஈ வெளிவருகிறதே, எப்படி? (அம்பாங்கான் வாசகர்)

பதில்: அது தேனீ ஈ. சுமார் 5,000 இனங்கள் கொண்ட பாம்பிலிடே குடும்பத்தில் ஆந்த்ராக்ஸ் என்னும் பேரினத்தின் பல இனங்களுக்கு மண்குளவிக் கூடுதான் பிறந்த வீடு. சுவரிலும் தாழ்வாரத்திலும் கூடு கட்டிச் சிலந்திகளை அடைத்துவைக்கும் செலிஃப்ரான் குளவிகள் இவற்றுக்கு முக்கிய ஓம்புயிர். தனித்து வாழும் தேனீக்களையும் இவை விடுவதில்லை.

தாய் ஈ கூட்டருகே அந்தரத்தில் நின்றபடி முட்டைகளைச் சுண்டி எறியும். பொரிந்து வரும் மெல்லிய புழு உள்ளே நுழைந்து, குளவிப்புழு தின்று கொழுக்கும்வரை பொறுத்திருக்கும். பிறகு தோலுரித்து உருமாறி, அதன் உடற்சாற்றை உறிஞ்சும். பிரெஞ்சு ஆய்வாளர் ஃபாப்ர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை வியந்து விவரித்திருக்கிறார்.

வியப்பின் உச்சம் கூட்டுப்புழுதான். வளர்ந்த ஈக்கு மண்ணைக் கடிக்கும் தாடை கிடையாது. எனவே சுவரை உடைக்கும் பொறுப்பு முழுவதும் கூட்டுப்புழுவின் தலையில். அங்கே உளிபோன்ற கடினமான கூர்முட்கள் வரிசையாக நிற்கின்றன. வயிற்றுக் கண்டங்களின் முதுகில் கொக்கிகள், பக்கங்களில் விறைத்த மயிர்கள், வால்முனையில் இரு முட்கள். வாலை ஊன்றி, உடலை வளைத்து, தலையால் மீண்டும் மீண்டும் இடித்து மண்ணைத் துளைக்கிறது. பாதி உடல் வெளியே வந்ததும் கொக்கிகள் பிடித்து நிறுத்த, தோல் வெடித்து ஈ பறக்கும். துளையில் வெற்றுத்தோல் செருகி நின்றால் வந்தது தேனீ ஈ என்று கொள்ளலாம். குளவி வெளியேறிய துளையில் அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிராது.