உலகம் அழியட்டும், தோட்டா இருக்கிறது

உலக அழிவுக்குத் தயாராகும் அமெரிக்கர்களின் முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும். நாளை உலகம் அழிந்தால் மறுநாள் என்ன சாப்பிடுவது என்று நாம் அற்பமாகக் கவலைப்படுவோம். அவர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. முயலுக்கு .22 தோட்டா, மானுக்கு .308, சர்க்கரை கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு 9 மி.மீ. எல்லாவற்றையும் அளவுவாரியாகப் பிரித்து, ஈரம் புகாத இரும்புப் பெட்டியில் அடுக்கி, லேபிளும் ஒட்டியாகிவிட்டது.

2013இல் .22 தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்று ஆளாளுக்கு வாங்கிக் குவித்தார்கள். சொல்லிவைத்தாற்போல் தட்டுப்பாடு வந்தது. கடைகளில் தலைக்கு இத்தனை பெட்டிதான் என்று ரேஷன் போட்டார்கள். தீர்க்கதரிசனம் என்றால் இதுவல்லவா!

5.56 துப்பாக்கியில் .223 தோட்டாவைப் போடலாம், .223 துப்பாக்கியில் 5.56ஐப் போடக் கூடாது. எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்பதை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல். லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. அங்கே இப்படித் தயாராக இருந்த நம் வீரர் ஒருவரும் நிதானமாக டார்ச்சை எடுத்தார். அதற்கு ஏஏஏ பேட்டரி வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் ஏஏ.