முழங்கால் வலி

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. மணி நாலே முக்கால். பால்காரன் வரலை, சேவல் கூவலை, நீ மட்டும் எந்திரிச்சு முற்றத்தை அளந்துக்கிட்டு இருக்கே. நான் எந்திரிச்சதுக்குக் காரணம் இருக்கு. 76 வயசுல மூத்திரப்பை நம்ம பேச்சைக் கேக்காது. உனக்கு 38-தான ஆகுது? என்ன, முற்றத்தை அளந்து பத்திரம் போடப் போறியா?

தூக்கம் வரலையா. எத்தனை நாளா? உங்கய்யா போனதுல இருந்தா? ஏழு மாசம். சரி.

உங்கய்யா செத்த அன்னிக்கு நீ வேலை பார்த்த அழகை இன்னும் டீக்கடையில பேசுதாக. ஐஸ் பெட்டிக்கு ஒரு போன், பந்தலுக்கு ஒரு ஜிபே, சொர்க்க ரதத்துக்கு இன்னொரு ஜிபே. நீர்மாலை இத்தனை மணி, தூக்குறது இத்தனை மணின்னு கம்ப்யூட்டர்ல கோடு போட்டு வச்சிருந்தியாம். கொட்டுக்காரங்ககிட்ட ரசீது கேட்டியாம்லா! அந்த ஆளு நாப்பது வருசமாக் கொட்டடிக்கான், ரசீதுன்னா என்னன்னு என்கிட்ட வந்து கேட்டான். ஆனா உன் கண்ணுல ஒரு சொட்டு இல்லை. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்னு பாதிப் பேர் சொன்னாக, கல்நெஞ்சன்னு மீதிப் பேர் சொன்னாக. ரெண்டு கூட்டமும் பதினாறாம் நாள் ஒரே பந்தியில உக்காந்துதான் பாயசம் கேட்டுச்சு. அதை விடு.

மூணு நாளா உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில எந்திரிச்சதும் அத்தானோட எச்.எம்.டி. வாட்சை எடுக்கே. சாவி கொடுக்கே. காதுல வச்சுக் கேக்கே. திரும்பப் பெட்டியில வைக்கே. ஒருநாளாவது கையில கட்டுனியா? இல்லை. அது நின்னுட்டா என்ன ஆயிரும்னு இருக்கு உனக்கு? மாப்ளே, அந்த வாட்சு செஞ்ச கம்பெனியையே 2016-ல இழுத்து மூடிட்டாக. நீ மட்டும் அதுக்கு வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கே, சம்பளம் இல்லாம.

போன மாசம் நெஞ்சு அடைக்குதுன்னு மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனியாமே. ட்ரெட்மில்லுல ஓட விட்டாகளாம். நம்ம பரம்பரையில காசு கொடுத்து ஓடுன முதல் ஆளு நீதான். மத்தவனெல்லாம் காசு வாங்கிட்டு ஓடுனவன். எக்கோ, ஈசிஜி எல்லாம் எடுத்துட்டு எங்கயும் அடைப்பு இல்லைன்னு அனுப்பிட்டாக. எங்க அடைப்புன்னு நான் சொல்லவா? தொண்டையில.

சிரிக்காதே. துக்கம் நெஞ்சைப் பிடிக்கிறதும் உண்டு. ஜப்பான்ல 1990-ல டாக்டர்மாரு எழுதி வச்சிருக்காக. மாரடைப்பு மாதிரியே வலிக்கும், குழாயில அடைப்பு இருக்காது, இடது கீழறை மட்டும் அடி பெருத்துக் கழுத்து குறுகிப் பானை மாதிரி ஆயிரும். பேய்க்கணவாய் பிடிக்க அவங்க கடலுக்குள்ள எறக்குற பானை அதே வடிவமாம், அதுக்குத் தகோட்சுபோன்னு பேரு, நோய்க்கும் அதையே வச்சுட்டாக. வயசான பொம்பளைகளுக்குத்தான் அதிகமா வருமாம். உனக்கு அது இல்லை. உனக்கு வெறும் தொண்டைதான். இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே, அப்புறம் சொல்லுதேன்.

உங்கம்மாவைப் பாத்தியா அன்னிக்கு? கூட நாலு பொம்பளைங்க தோளைக் கட்டிக்கிட்டு, சுத்தி உக்காந்து, என்னமா அழுதா! நீ ஐஸ் பெட்டிக்குக் கரண்டு வருதான்னு பாத்துக்கிட்டு இருந்ததால காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டே. நான் கேட்டேன். பாதி ஒப்பாரி, பாதி வசவு. சங்கிலியை வாங்கி அடகு வச்சதுல ஆரம்பிச்சு, நீ பொறந்தப்போ பதினோராம் நாள்தான் எட்டிப் பார்த்தாகங்கிறது வரைக்கும், நாப்பது வருசக் கணக்கை ராகம் போட்டுப் பேர்பேராச் சொன்னா. செத்துக் கெடக்க மனுசன் என்ன செய்வாக? காதுல பஞ்சு. எந்திரிச்சு ஒரு அறை விடவும் வழியில்லை. உசுரோட இருந்தப்போ அவ ஒரு சொல்லு எதுத்துச் சொன்னவ இல்லை மாப்ளே. சொல்ல வேண்டியதை எல்லாம் அன்னிக்குச் சொல்லி முடிச்சா, மூணாம் மாசம் டிவி பாக்க ஆரம்பிச்சுட்டா. ஆம்பளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நமக்கு மொட்டை மட்டும்தான். மயிரை எடுக்கச் சொன்னாகளே தவிர, வாயை யாரும் அடைக்கச் சொல்லலை, நாமளா அடைச்சுக்கிட்டோம்.

உனக்கு அத்தான்மேல கோவம் இருக்கு. இருக்கா இல்லையா? செத்தவுகளைக் குறை சொல்லக்கூடாதுன்னு தலையை ஆட்டாதே. அந்தப் புளியவிளாறு எங்க இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். பின்வாசல் நிலைக்கு மேல, அரிவாளுக்குப் பக்கத்துல. ஒண்ணு ஒடிஞ்சா அடுத்ததை நீயேதான் ஒடிச்சுட்டு வரணும், அதுவும் பச்சையா, வளையுற மாதிரி. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார்கிட்ட, கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்கன்னு சொன்னாக. நான் பக்கத்துலதான் நின்னேன். வாத்தியாரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன், வை.

அடிச்ச கைதான் ராத்திரி எண்ணெய் தடவுச்சுன்னு சினிமாக்கதை எல்லாம் சொல்ல மாட்டேன். அத்தான் தடவலை. உங்கம்மாதான் தடவுனா, அதுவும் அவுக தூங்குனதுக்கு அப்புறம். உம்மேல பாசம் இருந்துச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. உன்னை இன்ஜினியரிங்ல சேக்க ரெண்டு ஏக்கர் கரிசலை வித்தது தெரியும். வித்துட்டு, அந்த ரெண்டு ஏக்கரையும் ஒவ்வொரு தீபாவளிக்கும் உனக்குச் சொல்லிக் காட்டுனதும் தெரியும். ரெண்டும் ஒரே ஆளுதான். நல்லவர்னு முடிவு பண்ணிட்டு அழுவோம், கெட்டவர்னு முடிவு பண்ணிட்டுத் தூங்குவோம்னு நீ பஞ்சாயத்து கூட்டி ஏழு மாசமா உக்காந்திருக்கே. தீர்ப்பு வராது மாப்ளே. சாட்சி செத்துப் போச்சு.

நேத்து சாயங்காலம் உன் மகன் ஏழாம் வாய்ப்பாட்டுல தடுக்குனான். ஏழெட்டு அம்பத்து நாலுன்னான். நீ ஒரு அதட்டு அதட்டுனே பாரு, என் வாயில இருந்த பீடி வேட்டியில விழுந்துருச்சு. அத்தான்தான் எந்திரிச்சு வந்துட்டாகன்னு நெனச்சேன். அதே குரல், அதே 'ம்?'. கையை ஓங்குனே. ஓங்குன கையைத் திரும்பிப் பாத்தே. அப்புறம் அந்தக் கையைக் கொண்டுபோய் எங்க வைக்கன்னு தெரியாம ஃபேன் சுவிட்சைப் போட்டே. கரண்டு இல்லாத நேரத்துல. நான் ஒண்ணும் சொல்லலை. வேட்டியில ஓட்டை விழுந்ததைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

உன் பொண்டாட்டி போனைப் பாத்துட்டு, துக்கத்துக்கு அஞ்சு படி இருக்கு மாமா, இவுக மூணாவதுல நிக்காகன்னு சொல்லுதா. அதை எழுதுன அம்மா எலிசபெத் கூப்ளர் ராஸ். 1969-ல எழுதுனாக. அது சாகப்போற நோயாளிங்ககிட்டப் பேசி எழுதுனது. இருக்கிறவுகளுக்கும் அதுதான் ஏணின்னு பின்னால ஊர்தான் தூக்கிட்டு வந்துருச்சு. துக்கம் எங்க படி ஏறுது? அது நம்ம வீட்டு வெள்ளாடு. முன்னால போற மாதிரி போகும், திரும்பி வரும், அடுத்தவன் வேலியில வாய் வைக்கும்.

அதுக்காக வருசக்கணக்குல மேய விடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்துக் கணக்குல, ஆறு மாசம் தாண்டியும் ஒரு ஆளு அதுலயே கெடந்து, அன்றாடப் பொழப்பே ஓடலைன்னா, அதுக்கு நீடித்த துக்கம்னு பேரு, வைத்தியம் பாக்கணும். அமெரிக்க டாக்டர்மாரு புஸ்தகத்துல 2022-ல போட்டது ஒரு வருசம். நம்ம ஊர்லயும் தலைத்திவசம் வரைக்கும் ஒரு வருசம். உங்க கம்பெனியில மூணு நாள். ஏழு மாசத்துக்கு நீ ஒரு கணக்குல பெயிலு, ஒரு கணக்குல பாஸு, கம்பெனிக் கணக்குல எப்பவோ டிஸ்மிஸு.

உங்கம்மா கோடாங்கிகிட்டப் போகணும்ங்கா. போ. உடுக்குச் சத்தம் நல்லாத்தான் இருக்கும், திருநீறும் நெத்திக்கு நல்லதுதான். கட்டிப் போடுற இடத்துக்கு மட்டும் எவனையும் அனுப்பக்கூடாது. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிக் கெடந்த 28 பேர் செத்துப் போனாக. பேப்பர்ல வந்த அன்னிக்கு உங்க அத்தை உலை வைக்கலை. இதுல எனக்குக் கேலி வராது.

டாக்டர்னா மூஞ்சியைச் சுளிக்கே. கீழ்ப்பாக்கம்னு சொல்லிருவாங்கன்னா? சொல்லட்டும். 1794-ல வெள்ளைக்காரன் மெட்ராஸ்ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அது, 1871-ல கீழ்ப்பாக்கத்துக்கு வந்துச்சு. அத்தனை வருசமா அங்க வைத்தியம் பாக்கான், நாம அதை வசவா மட்டும் பாக்கோம். 1961-ல அங்க தலைமைக்கு வந்தது சாரதா மேனன்னு ஒரு பொம்பளை டாக்டர். 1984-ல ஸ்கார்ஃப்னு தனியா ஒரு அமைப்பும் தொடங்குனாக.

சரி, கேட்டுக்கிட்டே இருக்கே, சொல்லிருதேன். உங்க அத்தை போனதுக்கு அப்புறம் மூணு வருசம், மாசத்துக்கு ஒருக்கா பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ல போனேன்லா, முழங்கால் வலின்னு? எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு. இப்பவும் பனை ஏறுவேன்.

அவ இருந்தவரை வீட்டுக்குள்ள பீடி குடிக்க விட மாட்டா. போனதுக்கு அப்புறமும் நான் வெளியதான் போய்க் குடிச்சேன். யாருமில்லாத வீட்டுல யாருக்குப் பயம்? மழையில நனைஞ்சுக்கிட்டு வேப்பமரத்தடியில நிப்பேன். அப்புறம் குளிக்கிறதை விட்டேன். அஞ்சு ஆட்டையும் வந்த விலைக்குக் கொடுத்தேன். கெணத்தை எட்டிப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன் ஒருநாள். அதுக்கு மறுநாள் கெளம்பிட்டேன்.

உன் வயசுகூட இருக்காது அந்த டாக்டரம்மாவுக்கு. சாமி நம்பிக்கை உண்டான்னு கேக்கலை, சோறு இறங்குதா, தூக்கம் வருதா, முந்திப் பிடிச்சது இப்பப் பிடிக்கான்னு கேட்டா. கெணத்தைப் பத்தியும் நேராக் கேட்டா. சொன்னேன். மாத்திரை கொடுத்தா, இலவசம்தான். பத்து நாள் வாய்தான் வறண்டுச்சு, ஏமாத்துதாகன்னு நெனச்சேன். மூணாவது வாரம் விடிய விடியத் தூங்கிட்டேன், பால்காரன் கதவைத் தட்டிட்டுச் செத்துட்டேன்னு ஊருக்குச் சொல்லப் போயிட்டான். அவளா நிறுத்தச் சொல்லுற வரைக்கும் நிறுத்தலை. தகோட்சுபோ எல்லாம் அவ சொன்னதுதான்.

இந்நேரத்துல பேசணும்னாலும் ஆள் இருக்கு. 14416. டெலி மனாஸ்னு பேரு, 2022-ல ஆரம்பிச்சது, தமிழ்ல பேசுவாக, ராத்திரி பகல் கெடையாது. எதுக்கும் எழுதி வை. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸு ஆறு பத்துக்கு. பெரியாஸ்பத்திரியில சீட்டு எட்டு மணியில இருந்து கொடுப்பாக, நானும் வாரேன். வாட்சை எடுத்துக்கிடு, கையில கட்டு.

பஸ்ல எவனாவது கேட்டா முழங்கால்னு சொல்லிரு. ரெண்டு பேரும் நொண்டிக்கிட்டே ஏறுவோம். எந்தக் கால்னு மட்டும் இப்பவே பேசி வச்சுக்கிடு மாப்ளே. போறப்போ வலது, வாறப்போ இடதுன்னு நொண்டி, கண்டக்டர்கிட்ட ஒருக்கா மாட்டியிருக்கேன்.