கந்தோர் மெயிலும் கைப்போனும்

கேள்வி: காலையில் கந்தோர்க் கணினியில் வாசித்த மெயில் போனில் இல்லை. துறைமுக வாசலில் கொள்கலன் இலக்கத்தைக் கேட்டபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். போனில் பழுதா?
– கிளியரிங் நிறுவன ஊழியர், கொட்டாஞ்சேனை

பதில்: போனில் ஒரு பழுதும் இல்லை. கணினிதான் மெயிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அது பாப்3 முறையில் மெயில் எடுக்கிறது. ஆளுக்கொரு கணினி என்றிருந்த 1980களின் முறை அது. தபால்காரரிடம் கடிதத்தை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவதுபோல, மெயிலை இறக்கியதும் சேவையகத்திலிருந்து அழித்துவிடும். பிறகு போன் போய்க் கேட்டால் அங்கே என்ன இருக்கும்? சேவையகத்தில் ஒரு பிரதியை விட்டுவைக்கும்படி கணினியில் மாற்றிவிட்டால் இன்றைக்குச் சமாளிக்கலாம். ஆனால் போனில் அனுப்பிய பதில் கந்தோரில் தெரியாது. வாசித்த மெயிலும் மற்றதில் வாசிக்காததாகவே நிற்கும்.

ஐமேப்புக்கு மாறுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986இல் உருவாக்கிய முறை. மெயில் சேவையகத்திலேயே இருக்கும். கணினியும் போனும் அதை எட்டிப் பார்க்கும் யன்னல்கள். போர்ட் இலக்கம் உள்ளே வருவதற்கு 993, வெளியே அனுப்ப 587. ஆனால் தயவுசெய்து பழைய பாப் கணக்கை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள்! அந்த லாச்சிக்குள் கிடக்கும் பல வருடத்து மெயில் வேறெங்கும் இல்லை. ஐமேப் கணக்கைப் பக்கத்தில் சேர்த்து, பழையவற்றை அதற்குள் இழுத்துப் போட்டு, போனில் தெரிகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு நீக்குங்கள்.

கேள்வி: ஐமேப் போட்டாயிற்று. முதலாளியின் அன்ட்ராய்ட் போனுக்கு உடனே வருகிறது; என் ஐபோனுக்குக் கால்மணி நேரம் பிந்துகிறதே?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: ஐமேப்பில் ‘ஐடில்’ என்றொரு வசதி 1997இல் வந்தது. போன் இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். மெயில் வந்த கணமே சேவையகம் சொல்லிவிடும். முதலாளியின் ஆப் அந்த வசதியைப் பயன்படுத்துகிறது. ஐபோனோடு வரும் மெயில் ஆப் சாதாரண ஐமேப் சேவையகத்தில் அதைப் பயன்படுத்துவதில்லை, தானே போய்க் கேட்கும். அதில் நீங்கள் தெரிவுசெய்யக்கூடிய ஆகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். ஐடில் தெரிந்த வேறொரு ஆப்பைப் போடுங்கள். இல்லையென்றால் எக்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் உள்ள சேவையகம் வேண்டும்; அதில் நாட்காட்டியும் தொலைபேசி இலக்கங்களும்கூடச் சேர்ந்தே வரும்.

கேள்வி: நிறுவன மெயிலைச் சேர்க்கப் போனால், போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் அனுமதியைக் கேட்கிறது. என் சொந்தப் போன். மகளின் படங்கள் அதில்தான்.
– கணக்காளர், ஜம்பட்டா வீதி

பதில்: சம்மதிக்காதீர்கள். போன் தொலைந்தால் தூரத்திலிருந்தே துடைப்பதற்காக ஆக்டிவ்சிங்கில் உள்ள ஏற்பாடு அது. துடைத்தால் மகளின் முதல் பிறந்தநாளும் சேர்ந்து போகும். நிறுவனத்தின் பயம் நியாயமானது, உங்களுடையதும் நியாயமானது. அவுட்லுக் ஆப் வழியாகச் சேர்த்தால் அந்த ஆப்புக்குள் இருக்கும் மெயிலை மட்டும் துடைக்க முடியும். அதற்கும் நிறுவனம் உடன்படாவிட்டால், வேலைக்கான போனை அவர்களே வாங்கித் தரட்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: சேவையகம் எங்கள் கந்தோரில்தான். மின்வெட்டு நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மெயில் தொலைந்துவிடுமா?

பதில்: தொலையாது. அனுப்பியவரின் சேவையகம் அதை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பதுதான் பொது விதி. 13 மணி நேரம் வெட்டிய 2022 மார்ச் 31 போன்ற நாளையும் அது தாண்டிவிடும்.

கேள்வி: ‘சேவையகத்தின் சான்றிதழை நம்ப முடியவில்லை, தொடரவா?’ என்று போன் கேட்கிறது. ஆம் என்று அழுத்தலாமா?

பதில்: கோப்பிக் கடை வைஃபையில் இருந்துகொண்டு ஒருபோதும் வேண்டாம். நடுவில் வேறொருவர் உங்கள் சேவையகமாக நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். முதலாளியிடம் சொல்லி முறையான சான்றிதழ் போடச் செய்யுங்கள்; லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகவே தருகிறது.

கேள்வி: கணினி, போன், டேப் மூன்றிலும் மெயில் இருக்கிறது. இனி எதற்குத் தனியாக ஒரு பிரதி என்கிறார் முதலாளி.
– காலி வீதி, வெள்ளவத்தை

பதில்: மூன்று யன்னல் இருக்கலாம், அறை ஒன்றுதானே! ஒன்றில் அழித்தால் மூன்றிலும் அழியும். முதலாளிக்கு நம் அரசாங்கத்தின் கதையைச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா அரச கிளவுட் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மெயில் முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. சேவையகம் மீண்டும் எழுந்தது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மெயிலுக்கு இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலான மெயில் போனது போனதுதான். அங்கே ஓடியது எக்சேஞ்ச் 2013. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. நாட்டின் கடிதங்களுக்கே இந்தக் கதி என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் கடைக்கு ஒரு வெளி டிஸ்க் போதும். வெள்ளிக்கிழமை மாலை பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, வீட்டு அலுமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய மெயிலைத் திறந்து பாருங்கள், இணைப்புக் கோப்பையும் சேர்த்து.