சட்டைப் பையில் கிடந்த பத்து ரூபாய்: ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

0. முன்னுரை

ஆதிமனிதன் குகையில் வாழ்ந்த காலம்தொட்டே எதிர்பாராத சிறு மகிழ்ச்சிகள் இருந்துவருகின்றன என்று தொடங்குவது ஆய்வு மரபு. ஆதிமனிதனுக்குச் சட்டை கிடையாது. ஆகவே பையும் கிடையாது. எனவே இத்துறை பிற்காலத்தது என்பது நம் துணிபு.

1. வகைப்பாடு

1.1 ஜன்னலோரச் சீட்டு: வெயில் எந்தப் பக்கம் என்று தெரியும்வரை மகிழ்ச்சி.

1.2 கொசுறு: கேட்காமலே பையில் விழும் கறிவேப்பிலை. கேட்டு வாங்கினால் அது உரிமைப் போராட்டம், வேறு துறை.

1.3 போன கரண்ட் வருதல்: தெருவே 'ஹே' என்று கத்துகிறது. சொல்ல வேறொன்றுமில்லை.

1.4 துவைத்த சட்டையில் பணம்: விரிவாகக் காண்போம்.

2. பொருளின் இயல்பு

2018இல் வெளிவந்த பழுப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டு 123 மி.மீ. நீளம், 63 மி.மீ. அகலம் கொண்டது. பின்புறம் கோனார்க் சூரியக் கோயில். நம் நோட்டு பருத்தி இழையால் ஆனது, சட்டையும் பருத்தி. ஒரே குலத்தார் ஆகையால் ஒன்றாக நனைந்து ஒன்றாகக் காய்கிறார்கள். பஸ் டிக்கெட்டுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. பைக்குள் விரலை விட்டால் முதலில் தட்டுப்படுவது உருண்டு காய்ந்துபோன டிக்கெட் கூழ்தான். அதற்கும் அடியில், தையலோரம், மொடமொடப்பாக ஒரு மடிப்பு. நகத்தால் மெல்லப் பிரித்தால் ஓரம் வெளுத்துப்போய், மூக்குக்கண்ணாடியோடு காந்தி தெரிவார்.

ஈரத்தில் பிரிக்கலாகாது (எதிர்வீட்டுப் பாட்டி, வாய்மொழி). பிரித்தால் கிழியும் (மேலது, சற்று உரக்க). துணியை மேலே போட்டுத்தான் தேய்க்க வேண்டும் (இஸ்திரிக் கடைக்காரர், 'கரிப்பெட்டி விளக்கம்', மூன்றாம் சட்டை, இடப் பை, கிழியாத பதிப்பு, அன்னார் சொன்னதாக அவர் மைத்துனர் டீக்கடை பெஞ்சில் உரைத்தது, டீ ஆறுமுன் குறித்துக்கொள்ளப்பட்டது, பெஞ்சின் மறுகோடியில் இருந்தவர் இதை ஏற்கவில்லை).

3. மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். உவகை பிறக்கும் வழிகள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. பத்து ரூபாய் செல்வமே. ஆகவே இது உவகை என்பர் ஒரு சாரார். அற்றன்று, மருட்கையே (வியப்பே) என்பர் மறு சாரார். மருட்கைக்குரியவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். எதிர்பாராமல் கிடைத்தது புதுமை. மடிந்து சுருங்கியிருப்பது சிறுமை. சோப்பில் ஊறி நிறம் மாறியது ஆக்கம். நான்கில் மூன்று பொருந்திவிட்டன. நூறு ரூபாயாக இருந்திருந்தால் பெருமையும் சேர்ந்திருக்கும்.

கிடைத்தது 2016 நவம்பர் 8இல் செல்லாதென அறிவிக்கப்பட்ட பழைய ஐந்நூறு என்றால் அது அழுகை. அதற்குரிய நான்கில் இழவும் ஒன்று.

இளம்பூரணரும் பேராசிரியரும் மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டவர்கள். இருவருமே சட்டைப் பை குறித்து மௌனம் சாதிக்கின்றனர். இந்த மௌனத்தை வைத்து இரண்டு முனைவர் பட்டங்கள் வாங்கலாம். ஒன்று மௌனத்துக்கு, மற்றொன்று அதன் ஒப்பீட்டுக்கு.

4. உடைமைச் சிக்கல்

சட்டை யாருடையதோ நோட்டும் அவருடையதே என்பது சட்டையாளர் கட்சி. துவைத்தவருக்கே சொந்தம் என்பது துவைப்போர் கட்சி. இந்த ஆய்வின் முதன்மைத் தரவான நோட்டையே துவைத்தவர் கேட்டு வாங்கி அஞ்சறைப் பெட்டியில் வைத்துவிட்டபடியால், இரண்டாம் கட்சியின் வாதமே வலுவானது என ஏற்கிறோம்.

5. முடிவுரை

இக்கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர் 'சாலச் சிறந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார். அவர் படித்த பகுதி அதுதான்.

உவகையா மருட்கையா என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்று உறுதி: மறதிதான் இத்துறையின் மூலதனம். பிறகு மகிழ்வோம் என்று திட்டமிட்டுப் பையில் வைத்தால் அது சேமிப்பு. அதற்கு வட்டிகூட வராது. ஆகவே வாசகர்கள் இக்கட்டுரையைப் படித்த கையோடு மறந்துவிடும்படி வேண்டுகிறோம். கருத்தரங்கக் கட்டுரைகளுக்கு இந்த வேண்டுகோளே தேவைப்படுவதில்லை.