மேக கிரகணம்: மொட்டை மாடிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சந்திர கிரகணத்தைப் படம்பிடிப்பது பற்றிய நூல்கள் எல்லாமே ஒரு குறையைப் பொதுவாகக் கொண்டுள்ளன: வானம் தெளிவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுகின்றன. ஆவணி மாதத்து இரவில் சென்னையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறிய எவரும் இவ்வளவு துணிச்சலான அனுமானத்தை ஏற்கமாட்டார். எனவே இக்கட்டுரை எதிர்முனையிலிருந்து புறப்படுகிறது. கிரகணத்தைப் படம்பிடிப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நாம் படம்பிடிப்பது மேகத்தை. நிலவு அதில் அவ்வப்போது தலைகாட்டும் துணைப்பாத்திரம். இதுவே இங்கு நிறுவ எடுத்துக்கொண்ட கருதுகோள்.

சான்றாகக் கொள்வது 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம். களம், தென்சென்னையில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் மேல்தளம். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடிகள், யாரும் உரிமை கோராத ஒரு டிஷ் ஆன்டெனா ஆகியவை களத்தின் நிலையான பொருள்கள். ஆய்வாளர், முக்காலி, கொசு ஆகியவை தற்காலிகமானவை.

நேரத்தில் எந்த ஐயமும் இல்லை. அன்றிரவு 9:57க்குக் கருநிழல் நிலவின் விளிம்பைத் தொட்டது. 11:01க்கு முழுதாக விழுங்கி, 82 நிமிடம் உள்ளே வைத்திருந்து, 12:23க்குக் கக்கத் தொடங்கி, 1:26க்குக் கைவிட்டது. இவையெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அட்டவணையில் ஏறிவிட்ட எண்கள். ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதன் நடத்தையை நிமிடக் கணக்கில் சொல்லிவிடுகிறோம். இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேடவாக்கம் பக்கமிருந்து வரும் மேகம் எப்போது விலகும் என்று மட்டும் ஒருவராலும் சொல்ல முடிவதில்லை. வானிலை அறிக்கை சொல்லும்தான்: வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், ஒரு சில பகுதிகளில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். எது நடந்தாலும், எதுவும் நடக்காவிட்டாலும் பொய்யாகாத வாக்கியம் இது. அந்தக் காலத்து உரையாசிரியர்கள் கையில் கிடைத்திருந்தால் இதற்கு மட்டும் தனி நூல் எழுதியிருப்பார்கள்.

மேகத்தின் பிறப்பை இங்கே சற்று விரித்துரைப்பது அவசியம். நிலவின் பிறப்பைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆவணி, புரட்டாசியில் சென்னைக்கு மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. பகல் முழுதும் காய்ந்த நிலத்தின்மேல் பிற்பகலில் கடற்காற்று நுழைகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் கொப்பளித்து எழுகிறது. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மாலையில் கிளம்பிய இடிமழை இரவில் கிழக்கே நகர்ந்து நகருக்கு வந்து சேர்கிறது. பெய்து ஓய்ந்த பிறகும் அதன் தலைப்பகுதி விரிந்து மெல்லிய திரையாக மணிக்கணக்கில் வானில் தங்கிவிடுகிறது. படக்காரருக்குப் பகை கருமேகம் அன்று, இந்தத் திரைதான். கருமேகம் வந்தால் கீழே இறங்கிப் படுத்துவிடலாம். திரை வந்தால் நிலவு தெரிவது போலவும் இருக்கும், தெரியாதது போலவும் இருக்கும். மனிதன் மாடியை விட்டு இறங்கமாட்டான். உலகின் பெரும்பாலான கிரகணப் படங்களும் ஏறத்தாழ எல்லாச் சளிக் காய்ச்சல்களும் இந்த இடைநிலையில்தான் உண்டாகின்றன.

அன்று இயற்கை ஒரு சலுகை தந்திருந்தது. முழு மறைப்பின்போது நிலவு சென்னைக்கு ஏறக்குறைய 70 பாகை உயரத்தில், தலைக்கு மேலேயே நின்றது. அடிவானத்தில் பார்த்தால் மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நின்று இடைவெளியை அடைத்துவிடும். உச்சியில் பார்த்தால் அவற்றுக்கிடையே சந்து கிடைக்கும். அச்சலுகைக்கு விலை உண்டு. உச்சியை நோக்கித் திருப்பிய கேமராவின் பின்னால் கண்ணை வைக்க வேண்டுமானால் ஒன்று தரையில் மல்லாந்து படுக்க வேண்டும், அல்லது கழுத்தைத் தியாகம் செய்ய வேண்டும். களத்தில் இரண்டு முறைகளும் பின்பற்றப்பட்டன.

இனி கருவிகள். முழுநிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. ஆகவே துளை எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்றால் ஷட்டர் 1/200 விநாடி போதும். படக்காரர்கள் இதை ‘லூனி 11’ விதி என்பார்கள். நிழலுக்குள் முழுதும் போனபின் வெளிச்சம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அப்போது நிலவின்மேல் விழுவது, பூமியைச் சுற்றியுள்ள காற்றின் வழியே வளைந்து, நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சிய ஒளி. அந்நேரத்தில் உலகெங்கும் நடக்கும் உதயங்களும் அஸ்தமனங்களும் ஒன்றுசேர்ந்து அங்கே போய் விழுகின்றன என்று சொன்னால் மிகையில்லை. அதைப் பிடிக்க ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, துளையை எஃப்/5.6க்குத் திறந்து, ஒரு விநாடியாவது காத்திருக்க வேண்டும். அந்த ஒரு விநாடியும் பூமி சும்மா இருப்பதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிலவு அகலம் என்ற வேகத்தில் வானம் நழுவிக்கொண்டே இருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸை இரண்டு விநாடி திறந்து வைத்தாலே நிலவின் விளிம்பு கலைகிறது.

இத்தனையும் தெளிந்த வானத்துக்கான கணக்கு. மேகத் திரைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை எந்த நூலும் சொல்வதில்லை. எடுத்த படத்தைக் குனிந்து பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று கூட்டி, நிமிர்வதற்குள் திரை விலகிவிடுகிறது. அடுத்த படம் வெளுத்துப்போகிறது. குறைத்தால் திரை திரும்பிவிடுகிறது. மேகம் தானாக இயங்கும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கும்: பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். தெரிந்தவர்கள் கிரகணம் பிடிக்குமுன்பே நிலவின்மேல் ஃபோகஸ் வைத்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுவரப்பட்ட லென்ஸோ சென்னைப் புழுக்கம் பட்டதும் வியர்த்துவிடும். வானில் இல்லாத மேகத்தை லென்ஸே உற்பத்தி செய்துகொள்ளும் இந்நிலை ‘அக மேகம்’ என இனி வழங்கப்படும்.

முக்காலியைப் பற்றி ஓர் ஒப்பீடு. கிரகணத்தின்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் அது தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது நம் ஊர்களில் நெடுங்கால நம்பிக்கை. அடி தட்டையான உலக்கை சமதளத்தில் எந்த நாளும் நிற்கும் என்று அறிவியலார் மறுப்பர். அது இருக்கட்டும். காலே இல்லாத உலக்கை நிற்கிறது, மூன்று காலுள்ள முக்காலி துணிக்கொடியில் இடறிய ஒருவரால் சாய்கிறது என்பதே களத்தில் கண்ட உண்மை. கிரகணப் படக்கலைக்கு உலக்கைமேல் கேமராவைப் பொருத்தும் வழியை எதிர்கால ஆய்வாளர் ஆராயலாம்.

முன்னோர் ஆய்வுக்கு வருவோம். மேகத்தை எதிர்கொண்ட வானியலாளர்களுள் முதலிடம் பிரான்சின் கியோம் லெ ஜாந்திக்கே உரியது. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காண 1760இல் கப்பல் ஏறினார். 1761இல் கடப்பு நிகழ்ந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போயிருந்ததால் கப்பல் கரைக்கு வர முடியாமல், ஆடும் தளத்திலிருந்து அளவெடுக்க வழியின்றி வெறுமனே பார்த்தார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கினார். மணிலாவுக்குப் போனவர் அங்கிருந்து புதுச்சேரிக்குத் திரும்பி, வானாய்வுக்கூடம் கட்டி, காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, உறவினர் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் களத்தில் இரவு இரண்டு மணிக்கு மாடியிலிருந்து இறங்கியவருக்கும் கதவு உடனே திறக்கப்படவில்லை என்பதோடு ஒப்பிடுக.

லெ ஜாந்தி வழியாகவே நமக்கு இன்னொரு சான்றும் கிடைக்கிறது. புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் அவர் கிரகணக் கணக்கைக் கற்றார். மனப்பாடமான வாக்கியங்களும் சோழிகளுமே அக்கணிதரின் கருவிகள். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தச் சோழிக் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. பின்னர் 1825இலும் புதுச்சேரியில் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி வைத்துக் கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்திருக்கிறார். அந்த முறை முடிவு நேரத்தில் முக்கால் மணிக்கும் மேல் பிசகியது. பிசகானாலும் பொருத்தமானாலும், இந்தக் கணக்கு மேகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதே நமக்கு வேண்டியது. சோழி வைத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கி வைத்தவர் வானத்தைப் பார்த்து ஏமாந்தார்.

தரையைப் பார்ப்பவர், வானத்தைப் பார்ப்பவர் என்ற இந்தப் பிரிவினை இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதற்குக் களத்தில் பதிவான உரையாடல் ஒன்று. நள்ளிரவு கடந்து, இரண்டாம் மாடிப் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, விட்டாச்சா?”

“தெரியலை மாமி, ஒரே மேகமா இருக்கு.”

“காலண்டர்ல ஒண்ணு இருபத்தாறுன்னு போட்டிருக்கே. வெந்நீர் போட்டுடறேன். நீ எதுக்கு அங்க பார்த்துண்டு நிக்கறே?”

இக்கேள்வி எளிய கேள்வியன்று. தயிர்ப் பாத்திரத்தில் தர்ப்பை போட்டுவிட்டு, காலண்டர் தாளைப் பார்த்து, குளித்துத் தூங்கப்போகும் ஒருவருக்குக் கிரகணம் முழுமையாகத் தெரிந்திருக்கிறது. விலையுயர்ந்த லென்ஸோடு அதற்கு நேர்கீழே நிற்பவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் படம் எதற்குச் சான்று?

கருதுகோள் இங்கேதான் நிலைபெறுகிறது. அன்று ஜெய்ப்பூரில் தெளிந்த வானத்தில் எடுத்த செந்நிலவும் ஜகார்த்தாவில் எடுத்த செந்நிலவும் ஒன்றே. சாய்மானம் மட்டும் மாறும். ஒருவர் படத்தை இன்னொருவர் தன் படம் என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. ஆனால் நிலவின் கீழ்ப்பாதியை மூடி, இடப்பக்கம் கிழிந்து, தெருவிளக்கின் மஞ்சளை அடியில் வாங்கிக்கொண்டு நம் களத்தில் 11:17க்கு நின்ற அந்த மேகம் உலகில் ஒரே ஒரு மாடிக்கு மேல்தான் இருந்தது. ஆகவே மேகமே ஆவணம், நிலவு அதன் முத்திரை என்பது பெற்றாம். “டிவியிலதான் லடாக்லேர்ந்து நேரா காட்டறாளே” என்ற மறுப்பும் இதனால் விழுந்தது. லடாக்கின் நிலவு நம் நிலவேயானாலும் லடாக்கின் மேகம் நம் மேகமன்று.

அளவுகோலிலும் திருத்தம் தேவைப்படுகிறது. முழு மறைப்பின் நிறத்தையும் பொலிவையும் 0 முதல் 4 வரை மதிப்பிடும் முறையை ஆந்த்ரே தாஞ்சோன் 1921இல் வகுத்தார். 4 என்றால் ஒளிரும் செம்பு. 0 என்றால் நிலவு இருக்குமிடமே தெரியாத இருள். 1991இல் பினதூபோ எரிமலை வெடித்து மேல்வானில் தூசு பரப்பியதால் 1992 டிசம்பர் கிரகணம் அப்படி மிக இருண்டு போயிற்று. தாஞ்சோன் பூஜ்யத்தோடு நின்றுவிட்டது அவர் மொட்டை மாடி அறியாததால். திரைமேகத்துக்கு −1, கருமேகத்துக்கு −2, கேமராவுக்குப் பாலித்தீன் உறை தேடும் நிலைக்கு −3 என்று அளவுகோலைக் கீழ்நோக்கி நீட்டுமாறு பரிந்துரைக்கிறோம். அக மேகத்துக்கு எண் தர வேண்டாம். அது சுயகௌரவப் பிரச்சினை.

கைபேசிப் படங்களைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். கைபேசியின் பிரதான கேமராவுக்குக் குவியத் தூரம் பொதுவாக 10 மில்லிமீட்டருக்கும் குறைவு; அதன் உணரியில் நிலவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மறுநாள் காலை குடும்பக் குழுவில் வந்த படங்களில் நிலவையும் எதிர்வீட்டு பல்பையும் பிரித்தறிவது தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. எதில் மேகம் இருக்கிறதோ அதுவே நிலவு என்ற இலகுவான சோதனையை மேற்கண்ட கருதுகோளே தருகிறது. அந்த வகையில் பெரியப்பா அனுப்பிய படம் பல்பு என்று உறுதியாயிற்று; குழுவில் இது இன்னும் அறிவிக்கப்படவில்லை.

இந்தியாவில் தெரியும் அடுத்த பெரிய வாய்ப்புகளுள் ஒன்று 2028 டிசம்பர் 31 இரவு. மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரை நட்சத்திரம். மறைப்பின் நடுப்பகுதி ஏறத்தாழ 10:22க்கு. வடகிழக்குப் பருவமழையின் வால் அப்போது எங்கே கிடக்கும் என்று கேட்பது இவ்வாய்வின் நோக்கத்துக்கே முரணானது. களத்தில் எதிர்பார்க்கும் சிக்கல் வேறு. அன்று மாடிச் சாவிக்குப் புத்தாண்டுக் கேக் வெட்டும் குழுவும் விண்ணப்பிக்கும், சீரியல் விளக்கு கட்டும், பாட்டுப் பெட்டி வைக்கும். எனவே சாவிக்கான மனு குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இப்போதே எழுத்தில் தரப்பட்டுள்ளது. மழை பெய்தால் கேக்கை எங்கே வைப்பது என்று மட்டும் அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.