சுவரைக் கிள்ளும் புரதம்

கேள்வி: செல்லைச் சுற்றிலும் மூடிய சவ்வு. அப்புறம் சரக்கு எப்படி உள்ளே போகிறது?
– வாசகர், வட்டக்கோட்டை

பதில்: உங்கள் கோட்டைக்கு வாசல் உண்டு. செல்லிலோ, பெரிய சரக்கு வந்தால் சுவரே உள்வாங்கிப் பையாகிவிடும்! அந்தப் பையின் கழுத்தை டைனமின் என்ற புரதம் சுருளாகச் சுற்றி, ஜிடிபி மூலக்கூறு தரும் சக்தியால் நெரித்துத் துண்டித்துவிடும். பை உள்ளே, சுவரில் ஓட்டை இல்லை. என்ன நேர்த்தி!

டைனமின் மக்கர் பண்ணினால்? 'ஷிபிரே' என்ற பழ ஈ வகையில், வெப்பம் 30 டிகிரியை எட்டினால் அதுதான் நடக்கும். நரம்பு முனையில் பைகள் அறுபடாமல் கழுத்தோடு தொங்கும்; நரம்புச் செய்தி அனுப்பப் பைகள் தீர்ந்துபோய் ஈ பொத்தென்று விழும். குளிரவைத்தால் எழுந்து பறக்கும்!

டைனமினுக்கு ஜிடிபி ஊட்டிவிட இன்னொரு புரதமும் வேண்டும் என்று 2001இல் காட்டியவர்கள், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ்.கிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும். அதற்கும் இந்த ஈதான் உதவியது.