வடக்கு ராஜவீதியில் ஒரு கப்பல் கட்டும் தளம்

புதுக்கோட்டைக்குக் கடல் வந்தது 1974 ஜனவரி 14ஆம் தேதி. அதற்கு முன்னால் எங்களுக்குக் கடல் கிடையாது. தொண்டைமான் சமஸ்தானமாக இருந்த காலத்தில் தனி அரண்மனை இருந்தது, தனி நீதிமன்றம் இருந்தது, அம்மன் காசு என்று சொந்த நாணயம்கூட இருந்தது. கடல் மட்டும் இல்லை. 1948-இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனபோதும் இல்லை. பிறகு திருச்சியிலிருந்து கொஞ்சம், தஞ்சாவூரிலிருந்து கொஞ்சம் பிரித்துப் புது மாவட்டம் போட்டார்கள். தஞ்சாவூர்ப் பங்கில் அறந்தாங்கிப் பக்கம் வந்தது. அதோடு கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் வந்தன. அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு பாக் விரிகுடாவும் வந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் கடல் இயற்கையாக அமைந்தது. எங்களுக்கு அரசாணையில் வந்தது.

ஆகவே, டவுன்காரனான எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் மீன் எங்கிருந்து வருகிறதோ அதுதான் கடல். அப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் ஒரு கப்பல் வந்தது.

கொண்டுவந்தவன் என் மச்சினன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது சிங்கப்பூரில் இருப்பார்கள். லீவில் வந்தால் கோடாலித் தைலம், சாக்லேட், கைலி என்று ஒரு வரிசை உண்டு. இந்த முறை எனக்கென்று தனியாக ஒரு நீளப் பெட்டி. "ரிட்டயர் ஆனவங்க கையைச் சும்மா வெச்சிருக்கக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க மச்சான்" என்றான். பெட்டியின் மேல் சிவப்புச் சிலுவை போட்ட பாய்களோடு ஒரு கப்பல் படம். சாண்டா மரியா. கொலம்பஸ் ஏறிப்போன கப்பல். இந்தியாவுக்கு வழி தேடி 1492 ஆகஸ்டில் ஸ்பெயினிலிருந்து கிளம்பி எங்கேயோ போய்விட்ட அதே கப்பல், ஐநூறு வருஷம் கழித்து, உதிரி பாகமாக, எங்கள் வடக்கு ராஜவீதிக்கு வந்து சேர்ந்துவிட்டது. தாமதமானாலும் வாக்குத் தவறாத கப்பல்.

பெட்டியைத் திறந்தால் கப்பல் இல்லை. கப்பலாகக்கூடிய சாமான்கள் இருந்தன. ஒட்டுப்பலகையில் லேசரால் வெட்டிய, விலா எலும்பு மாதிரி வங்குகள், நடுவில் முதுகெலும்பாக ஒரு ஏரா, மேலே ஒட்ட வால்நட் மரப் பட்டைகள், பித்தளை ஆணிகள், கறுப்பிலும் வெள்ளையிலும் நூல்கண்டு, மிளகளவு கப்பிகள். கிணற்றில் போடுகிற கப்பியில் உள்ள அதே பள்ளம், அதே துளை. எல்லாவற்றையும் மிளகுக்குள் அடக்கியிருந்தார்கள். ஒன்று கைதவறிக் கீழே விழுந்தால் பெருக்குகிற அம்மா கண்ணுக்குக்கூடத் தெரியாது.

விளக்கப் புத்தகம் ஐந்து மொழியில் இருந்தது. ஐந்திலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அளவு 1:65. ஐந்தரை அடி மனிதர் இதில் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருப்பார். எங்கள் அம்மன் காசை உள்ளே வைத்தால் தள்ளுவண்டிச் சக்கரம் ஆகிவிடும். இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்ததில் ஒரு வாரம் சந்தோஷமாகப் போயிற்று. வேலை ஆரம்பிக்கவில்லையே தவிர, வேலையில் இருப்பதாக வீட்டில் ஒரு பெயர் வந்துவிட்டது.

படிக்கப் படிக்க ஒரு நல்ல சேதி கிடைத்தது. நிஜமான சாண்டா மரியா எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாதாம். அதன் வரைபடம் ஒன்றும் மிஞ்சவில்லை. நீள அகலமே உத்தேசம்தான். 1892-இல் ஸ்பெயின்காரர்களே ஒரு நகல் கட்டிச் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பினார்கள். 1929-இல் இன்னொன்று கட்டினார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. கட்டியவர்களே ஒத்துப்போகவில்லை என்றால் பார்க்கிறவர்கள் என்ன குறை சொல்ல முடியும்? விக்டரி, கட்டி சார்க் போன்ற கப்பல்கள் இன்றைக்கும் இங்கிலாந்தில் நிற்கின்றன. ஒரு கயிறு இடம் மாறினாலும் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். சாண்டா மரியா அப்படி அல்ல. மச்சினன் தெரிந்து வாங்கினானோ, தெரியாமல் வாங்கினானோ, என் சுபாவத்துக்கு ஏற்ற கப்பல்.

பெட்டிக்குள் கருவிகள் கிடையாது. சின்ன இழைப்புளி, கைத் துரப்பணம், இடுக்கி, பல நம்பரில் உப்புத்தாள், பூதக்கண்ணாடி விளக்கு எல்லாம் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மாதம் வீட்டில் ஃப்ரிட்ஜ் மாற்றுவதற்கு ஒரு தொகை எடுத்து வைத்திருந்தோம். இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்தில் எனக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். குதிரை வாங்கிவரச் சொல்லிப் பாண்டிய ராஜா கஜானாவிலிருந்து கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தார். திருப்பெருந்துறை என்பது ஆவுடையார்கோயில். அதுவும் 1974-இல் கடலோடு சேர்ந்து எங்களுக்கு வந்ததுதான். ஆனால் அவருக்காக நரியைப் பரியாக்க மேலேயிருந்து ஒருவர் வந்தார். எனக்கு யாரும் வரவில்லை. பழைய ஃப்ரிட்ஜுக்கே காஸ் அடைத்தோம்.

ஏராவில் வங்குகளைச் சொருகி நிறுத்துவதுவரை ஒரு சிரமமும் இல்லை. பலகை போர்த்துகிற இடத்தில்தான் கதையே. சாண்டா மரியாவின் அணியம், அதாவது முன்மூக்கு, உருண்டை. பக்கவாட்டில் நேராக வருகிற பட்டை, அணியத்துக்கு வந்ததும் உள்பக்கம் மடங்கவும் வேண்டும், மேல்நோக்கி முறுக்கவும் வேண்டும். மரத்துக்கு இரண்டிலும் விருப்பம் இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டு வளைக்கச் சொல்லிப் புத்தகம் சொன்னது. ஊறியும் அசையவில்லை. ஆவி காட்டலாம் என்று பட்டது. இட்லிப் பானையில் பட்டை நீளம் கொள்ளவில்லை. கடைசியில் குக்கரில் வெறும் தண்ணீரை வைத்து, வெயிட்டைப் போடாமல், மூக்கிலிருந்து சீறுகிற ஆவியில் பட்டையை மெல்ல நகர்த்திக் காட்டினால், ஒரு இடத்தில் கைக்குத் தெரியும்: மரம் விட்டுக்கொடுக்கிறது. அந்த நேரத்தில் வங்கோடு சேர்த்துப் பிடித்துக் கிளிப் போட்டுவிட வேண்டும். அந்த ஒரு நொடி சுகத்துக்காகவே இன்னொரு கப்பல் கட்டலாம்.

சமையல்கட்டு எனக்குக் கிடைத்த நேரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "குக்கர்ல என்ன வேகுது?" என்று மனைவி கேட்க, "கப்பல்" என்று பதில் சொல்லி நல்ல பெயர் வாங்கியவர்கள் யாரும் இல்லை. ஒருநாள் பட்டை ஒன்று வளையாமல் அடம்பிடித்ததைப் பார்த்துக்கொண்டே, "ஆவுடையார்கோயில்ல கல்லையே வளைச்சிருக்கான். உங்களுக்கு ஒரு குச்சி வளைய மாட்டேங்குதாக்கும்" என்றாள். அந்தக் கோயிலில் கூரையின் வளைந்த விளிம்பான கொடுங்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சின் வலி புரியும். கருங்கல்லில் கூரைச் சட்டம், குறுக்குக் கம்பி, ஆணித்தலை வரைக்கும் செதுக்கி, விளிம்பைப் பலகை மெலிசுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். கல்தானா என்று சந்தேகப்பட்டு வெள்ளைக்காரத் துரை ஒருவர் சுட்டுப் பார்த்த ஓட்டை என்று கோயிலில் காட்டுவார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலை ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்ற எதுவும் செய்து தருவோம் என்று எழுதுவது வழக்கமாம். ஆக, சிற்பிகளுக்கே விதிவிலக்கு உண்டு. அடுத்த முறை நானும் எழுதி வாங்கிக்கொள்வேன்: அணியம் நீங்கலாக.

ஒட்டிய பட்டை காயும்வரை பிடித்துக்கொள்ளத் துணிக் கிளிப்பைவிட உசத்தியான கருவி உலகத்தில் இல்லை. ஃபெவிகாலும் துணிக் கிளிப்பும் போதும். கப்பல் முழுக்கக் கிளிப் மாட்டியிருந்த காலம் ஆடி மாதமாக அமைந்தது. எங்கள் மொட்டைமாடித் துணிகள் எந்தெந்த வீட்டுக்குப் போயின, எவை எப்படித் திரும்பி வந்தன என்பதைத் தெருவே அறியும். எதிர்வீட்டு அக்கா என் பனியனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அண்ணே, கப்பல் கெளம்பிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் மூன்று கேள்விகள்தான். மிதக்குமா? மோட்டார் எங்கே? வித்தால் எவ்வளவு போகும்? மூன்றுக்கும் சரியான பதில் என்னிடம் இல்லாததால் கப்பலின் மதிப்பு வரவர இறங்கிக்கொண்டே வந்தது. மரியாதை கொடுத்தது பெரியத்தை ஒருத்திதான். கல்யாணமான புதுசில் ரஜூலாவில் பினாங்கு போய்வந்தவள் அவள். 1926-இல் கட்டிய அந்த நீராவிக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம்வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அத்தை என் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "டெக்குல நம்ம படுக்கை போட்ட இடம் இந்தா இருக்கு. சரி, புகைபோக்கி எங்கடா?" என்றாள். இது பாய்மரக் கப்பல், காற்றில் ஓடும் என்றேன். "காத்து நின்னுட்டா?" என்றாள். நின்றுவிட்டால் இதுவும் நிற்கும். "அப்ப பினாங்குக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தாள்.

சுக்கான் மாட்டுகிற கட்டம் வந்தபோது பெட்டியில் சுக்கான் இல்லை. படத்தில் இருக்கிறது, பட்டியலில் நம்பர் இருக்கிறது, சாமான் மட்டும் இல்லை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எழுதிக் கேட்டேன், மிகவும் வருந்துகிறோம், அனுப்பி வைக்கிறோம் என்று பதில் வந்தது. வருத்தம் வந்தது, சுக்கான் வரவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணத்தில் இருக்கிற ஆசாரியிடம் போனேன். வாசக்கால் இழைத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எந்த மரம் சார் வேணும்?"

"எது இருக்கோ அது."

மூலையிலிருந்து ஒரு பலாத் துண்டை எடுத்தார். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது வடகாட்டுப் பக்கம் சாய்ந்த மரம். அந்தப் புயலில் அங்கே ஆயுசு முழுக்க வளர்த்த பலாவும் தென்னையும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. ஆசாரிகளிடம் பலா வந்து குவிந்த வருஷம் அது. வாங்கியவர்கள் யாரும் மகிழ்ச்சியாக வாங்கவில்லை. அதில் ஒரு சிம்பைச் சீவி, உளியால் நாலு தட்டு, உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. காபி ஆறுவதற்குள் சுக்கான் கையில் இருந்தது. கூலி கேட்டேன். "கன அடிக் கணக்குப் போட்டா நான்தான் உங்களுக்குச் சில்லறை குடுக்கணும் சார், போங்க" என்றார். கப்பல் முழுக்கப் பழுப்பு, சுக்கான் மட்டும் மஞ்சள். சாண்டா மரியாவின் சுக்கான் மஞ்சள் இல்லை என்று இதுவரை எந்தச் சரித்திர ஆசிரியரும் நிரூபிக்கவில்லை.

பாய்மரம் நட்டு, குறுக்குக்கட்டையான பருமல் கட்டி, பாய் தூக்கும் ஆஞ்சான் கயிறு ஏற்றியபின் நூலேணி. செங்குத்தாகப் போகிற கயிறுகளின் குறுக்கே படிப்படியாக நூலை ஓட்டி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. புத்தகத்தில் அந்த முடிச்சுக்கு மட்டும் நாலு படம், அம்புக்குறிகளோடு. இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக நான் முதல் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது பூக்கட்டுற முடிச்சுதானே?"

கண்ணாடியும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம். டிவியில் சீரியல் ஓடுகிறது. பார்வை அதில் இருக்கிறது. ஆள்காட்டி விரலில் நூல் ஒரு சுற்று, கட்டைவிரல் ஒரு தள்ளு, முடிச்சு விழுந்தது. விளம்பரம் வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்தது. மூன்று பாய்மரத்துக்கும் கட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு மொழம் இருந்தாக் குடுங்க, கை ஓட்டத்துலயே முடிச்சுடறேன்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் யார் கேட்டாலும் 'நாங்க கட்டுன கப்பல்' என்றே சொல்லி வருகிறேன்.

ஆயுத பூஜைக்குக் கப்பல் தயார். பக்கவாட்டில் திருநீற்றுப் பட்டை, அணியத்தில் சந்தனம், மேல்தளத்தில் பொரிகடலை. பாயிலிருந்த சிவப்புச் சிலுவையின் நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு. கொலம்பஸை அனுப்பி வைத்த இசபெல்லா ராணி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. எங்கள் வீட்டில் மிக்ஸிக்கும் இதேதான்.

அப்புறம் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். கப்பலையும் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடறதா, டிக்கெட் போடறதா?" என்று டிரைவரைக் கேட்டார். கல்யாண வீட்டுக்குப் போகும் முன் கரையில் படகு கட்டும் இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு வயதான ஓடாவி. விசைப்படகு கட்டிக் கட்டிக் கை காய்த்தவர். வரைபடம், புத்தகம் எதுவும் கிடையாது. ஏராவைப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் கண்ணிலேயே அளந்துவிடுவார். கப்பலை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அணியத்திலிருந்து பின்பக்கம்வரை கோடு பிடித்துப் பார்த்தார். கவிழ்த்தார். அடியை விரலால் தட்டினார்.

"பலகை சேர்மானம் பரவால்ல. சுக்கான் பலாவா? நல்லது. ஆனா சாரு, இது சரிப்படாதே."

"ஏண்ணே?"

"முன்னால ஒரு மாடி, பின்னால ஒரு மாடி. காத்து புடிச்சா சொன்ன பேச்சு கேக்காது. அடி வேற இவ்வளவு ஆழம். தூங்குற நேரத்துல கரைப்பக்கம் வந்துச்சுன்னா தரை தட்டிப்புடும்."

அவரிடம் கதையைச் சொன்னேன். 1492, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. இன்றைய ஹைட்டிக் கரையோரம், கடல் அமைதி. கொலம்பஸ் படுக்கப் போய்விட்டார். சுக்கான் பிடிக்க வேண்டியவனுக்கும் தூக்கம் வந்து, கப்பலில் எடுபிடியாக இருந்த ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டான். நடுராத்திரி வாக்கில் மெல்லத் தரை தட்டியது. கப்பலை மீட்க முடியவில்லை. பலகையைக் கழற்றிக் கரையில் ஒரு கோட்டை கட்டி, 39 பேரை அங்கேயே விட்டுவிட்டுக் கொலம்பஸ் வேறு கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஓடாவி முழுக்கக் கேட்டுவிட்டுக் கப்பலை என் மடியில் திருப்பி வைத்தார்.

"அப்ப சரியாத்தான் கட்டியிருக்கீங்க."